உருளைத் தோல்: சீவுவதா, விடுவதா?

அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய பால் வாளி கிடக்கிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் முப்பது ஆண்டுக்கு மேல் மரம் சீவிப் பால் எடுத்த காலத்து வாளி. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீட்டைக் காலி செய்து, டவுனை ஒட்டிய தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தபோது சாமான்களோடு அதுவும் வந்தது. இப்போது காய்கறிக் கழிவுக்கு அந்த வாளிதான். வெங்காயச் சருகு, கீரைத் தண்டு, அப்புறம் கை நிறைய உருளைக்கிழங்குத் தோல். இத்தனை வருடமும் அதில் விழுந்தது இவைதான்.

போன பள்ளி விடுமுறையில் நான் போனபோது வாளியில் உருளைத் தோலைக் காணவில்லை. தட்டில் இருந்தது. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசறி, முறுகலாகப் பொரித்துத் தேநீரோடு கொண்டுவந்து வைத்தார். “சாப்பிடு தம்பி. சத்தெல்லாம் தோலுலதான் இருக்காம். வாட்சப்புல வந்துச்சு.”

ருசியாகத்தான் இருந்தது. நாலைந்து துண்டுக்குப் பிறகு ஒரு துண்டில் லேசான கசப்பு. விழுங்கியதும் தொண்டையில் ஓர் எரிச்சல். அடுப்படியில் போய்ப் பார்த்தால், கூடையில் மிச்சமிருந்த உருளைகளில் இரண்டு பச்சை பாய்ந்திருந்தன. எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது, வாட்சப்பில் வந்த வரி எவ்வளவு தூரம் உண்மை என்று அத்தைக்கு ஒழுங்காக விளக்கிச் சொல்ல நினைத்தேன். அதற்காகத் தேடிப் படித்ததையும் போட்டுப் பார்த்த கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தோல் என்று நாம் சொல்வது எது? உருளைக்கிழங்கு வேர் கிடையாது. மண்ணுக்குள் பருத்துப்போன தண்டு. அதன் மேலே பழுப்பாக இருப்பது தக்கை மாதிரியான ஒரு மெல்லிய அடுக்கு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடாமலும், மண்ணில் இருக்கும் பூஞ்சையும் கிருமியும் உள்ளே வந்துவிடாமலும் காப்பது இதன் வேலை. புது உருளையைக் கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்து வருமே, அதுதான் அசல் தோல். ஆனால் கத்தியால் சீவும்போது அது மட்டும் வருவதில்லை. கீழே இருக்கும் சதையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சேர்ந்து போகிறது. ‘தோலில் சத்து’ என்று பேசும்போது பாதிப் பேச்சு இந்த ஒட்டுச் சதையைப் பற்றியதுதான்.

மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டையை மெல்லிசாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி உள்மரத்தில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு. காகித கனத்துக்குப் பட்டை எடுத்த அதே கை, உருளையைச் சீவும்போது மட்டும் ஏன் இத்தனை தடிமனாகச் சீவுகிறது என்று அத்தையிடம் கேட்டேன். அவருக்கே அது வியப்பாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

இப்போது எண்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணையில் உருளையின் தோலுக்கே தனி வரிசை இருக்கிறது. 100 கிராம் வேகாத தோலில் இரும்பு 3.2 மில்லிகிராம், நார் 2.5 கிராம், பொட்டாசியம் 413 மில்லிகிராம், வைட்டமின் சி 11.4 மில்லிகிராம். தோலும் சதையும் சேர்ந்த முழு உருளை 100 கிராமில் இரும்பு 0.8, நார் 2.1, பொட்டாசியம் 425, வைட்டமின் சி 19.7. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோல் தெளிவாக முன்னால் நிற்பது இரும்பில் மட்டும்; அதில் நான்கு மடங்கு. நார் கொஞ்சம் கூடுதல். பொட்டாசியம் ஏறக்குறைய சமம். வைட்டமின் சி தோலில் குறைவு. ஆக, ‘எல்லாச் சத்தும் தோலில்’ என்ற வரி முதல் வரிசையிலேயே விழுந்துவிடுகிறது. சத்தில் பெரும்பகுதி சதையில்தான் இருக்கிறது, ஏனென்றால் கிழங்கில் பெரும்பகுதி சதைதான்.

பிறகு அந்தப் பெரிய எண்கள் எங்கிருந்து வருகின்றன? அடுப்பில் சுட்ட தோலின் கணக்கிலிருந்து. சுட்ட தோல் 100 கிராமில் நார் 7.9 கிராம், இரும்பு 7 மில்லிகிராம் என்று அதே அட்டவணை சொல்கிறது. இது உண்மையான எண்தான். சுடும்போது தண்ணீர் வற்றிவிடுவதால் அதே எடைக்குள் சத்து செறிந்து நிற்கிறது. ஆனால் ஓர் உருளையின் சுட்ட தோல் என்று அங்கே கணக்கிட்டிருப்பது 58 கிராம். சதையைக் கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டபின் ஓடு மாதிரி மிஞ்சும் கனமான தோல் அது. நம் வீட்டில் கத்தியால் சீவி விழும் சுருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அத்தை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். அரைக் கிலோ உருளை; சீவி விழுந்த தோல் 60 கிராம் சொச்சம். மேலே சொன்ன கணக்குப்படி அதில் இரும்பு 2 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு, நார் ஒன்றரை கிராம். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு அரை மில்லிகிராம் இரும்பு, அரை கிராமுக்கும் குறைவான நார். மலேசியாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் நார் 20 முதல் 30 கிராம். தோலால் கிடைப்பது நல்லதுதான், கிடைக்கட்டும். ஆனால் ஒரு பிடி கீரையோ, ஒரு கரண்டி கச்சானோ (நிலக்கடலை) தருவதை இது தந்துவிடாது.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பெண்களில் இரத்தச் சோகை அதிகம் என்பதால் இதைக் கடந்துபோக மனம் வரவில்லை. தாவரத்தில் இருக்கும் இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் கொஞ்சம் நன்றாக எடுக்கும். தேநீர் அதைத் தடுக்கும். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அத்தை தோலைப் பொரித்துத் தேநீரோடு வைத்ததில் பாதி லாபம் அங்கேயே போயிற்று. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் குடிப்பது, தோல் தின்பதைவிட இரும்புக்குப் பெரிய உதவி. கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இன்னும் நல்லது.

சரி, அப்படியானால் தோலுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அது தட்டில் இருக்கும்போது செய்வதைவிடச் சட்டியில் இருக்கும்போது செய்வது பெரிது. அதே அட்டவணையில் இன்னும் இரண்டு வரிசைகள்: தோலைச் சீவிவிட்டு வேகவைத்த உருளை, தோலோடு வேகவைத்துப் பிறகு உரித்த உருளை. வைட்டமின் சி முதலாவதில் 7.4 மில்லிகிராம், இரண்டாவதில் 13. பொட்டாசியம் முதலாவதில் 328, இரண்டாவதில் 379. இரண்டிலும் சாப்பிடுவது சதையை மட்டும்தான். தோல் குப்பைக்கே போகிறது. ஆனாலும் வேகும் நேரத்தில் மேலே ஒரு சட்டை மாதிரி இருந்ததால் சத்து தண்ணீரில் கரைந்து போகவில்லை. தக்கை அடுக்கு என்றேனே, மண்ணுக்குள் ஈரத்தைக் காத்தது சட்டிக்குள் வைட்டமினைக் காக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால் நம் வீட்டுப் பாட்டிகள் செய்தது இதுதான். முழு உருளையைக் கழுவி, தோலோடு வேகவைத்து, சூடு ஆறுமுன் ஊதி ஊதி உரித்துப் பிரட்டலுக்குப் போடுவார்கள். அவசரத்தில் சீவி, சின்னச் சின்னதாக வெட்டி, கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டி, வேகவைத்த தண்ணீரையும் கொட்டும் வழக்கம் பின்னால் வந்தது. இழப்பு அதில்தான். குழம்பில் போடும் உருளைக்கு இந்தக் கவலை குறைவு. கரைவது குழம்பிலேயே நிற்கும், சோற்றோடு உள்ளே போய்விடும்.

தோலிலும் அதன் கீழ் அடுக்கிலும் செறிந்திருக்கும் இன்னொரு பொருள் குளோரோஜெனிக் அமிலம். காப்பிக் கொட்டையிலும் உண்டு. உருளையில் இருக்கும் இந்த வகைப் பொருள்களில் பாதியளவு தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. ‘புற்றுநோயைத் தடுக்கும்’, ‘இளமையைக் காக்கும்’ என்று பரவும் செய்திகளுக்கு மூலம் இதுதான். ஆய்வுக்கூடக் குழாயில் அது உயிரணுக்களைக் காப்பதாகத் தெரிந்தால், உருளைத் தோல் தின்ற மனிதருக்கும் அதே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. நல்ல பொருள், மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் செடி ஏன் அதைத் தோல் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று யோசித்தால் அத்தை தட்டின் கசப்பு விளங்கும். பூச்சியும் பூஞ்சையும் முதலில் கடிப்பது தோலை. அதனால் செடி தன் காவல் பொருள்களையெல்லாம் வாசலில் நிறுத்துகிறது. அதில் குளோரோஜெனிக் அமிலம் நமக்குச் சாதகமானது. கூடவே நிற்கும் சொலனின், சக்கோனின் இரண்டும் நஞ்சு. நல்லதும் கெட்டதும் ஒரே ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்கின்றன. ‘தோலில் சத்து’ என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கும் உருளையில் இந்த நஞ்சு மிகச் சொற்பம், கவலை வேண்டாம். கிழங்கு வெளிச்சத்தில் கிடந்தாலோ, அடிபட்டாலோ, முளை விட்டாலோ ஏறத் தொடங்கும். வெளிச்சம் படும்போது மேல்தோல் பச்சையாகிறது. அந்தப் பச்சை இலையில் இருக்கும் பச்சையம்தான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பச்சையத்தை உண்டாக்கும் அதே வெளிச்சம் சொலனினையும் ஏற்றிவிடுகிறது. பச்சை கண்ணுக்குத் தெரியும், நஞ்சு தெரியாது. ஆகவே பச்சையை நாம் அடையாளமாக வைத்துக்கொள்கிறோம். நாக்குக்குக் கசப்பும் தொண்டைக்கு எரிச்சலும் இன்னோர் அடையாளம். எனக்குக் கிடைத்தது அது.

ஒரு கிலோ உருளையில் இந்த நஞ்சு 200 மில்லிகிராம் என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட மேல் எல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் உள்ளே போனால் உபாதை தெரியத் தொடங்கலாம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 20 மில்லிகிராம். மேல் எல்லையைத் தொட்ட உருளை 100 கிராம் தின்றாலே அந்த அளவு வந்துவிடும். பெரியவர்களுக்கு வயிற்றைப் புரட்டாத ஒன்று பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, தலைவலி என்று வரலாம். லண்டனில் ஒரு பள்ளியில் விடுமுறைக்கு முன் வாங்கிப் போட்ட பழைய உருளையைச் சாப்பிட்ட 78 மாணவர்கள் நோயுற்று, 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மருத்துவர்கள் 1979-இல் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.

வேகவைத்தால் போய்விடாதா என்று அத்தை கேட்டார். கொஞ்சம் குறையலாம், முழுதாகப் போகாது. எவ்வளவு குறையும் என்பதும் சமைக்கும் முறைக்கு ஏற்ப மாறும் என்பதால் அதை நம்பக் கூடாது. பச்சை ஓரிடத்தில் சிறிதாக இருந்தால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு, அந்தக் கிழங்கைத் தோல் சீவியே சமைக்கலாம். பரவலாகப் பச்சை பாய்ந்திருந்தால், சுருங்கி நிறைய முளை விட்டிருந்தால், மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். கோழிக்கும் ஆட்டுக்கும்கூடப் போட வேண்டாம்.

உருளையின் பிறப்பிடமான ஆண்டிஸ் மலையில் கசப்பு உருளை வகைகளை உண்ண மக்கள் வேறு வழி கண்டார்கள். இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் மிதித்துப் பிழிந்து, நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சில இடங்களில் ஒரு வகைக் களிமண்ணைக் கரைத்துச் சாந்தாக்கி அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். மண் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கிழங்கோடு பல்லாயிரம் ஆண்டு பழகியவர்கள்கூட அதன் கசப்பை மதித்தே நடந்தார்கள்.

நம்முடைய பழக்கம் வேறொரு கிழங்கோடு. அத்தையின் கை ஏன் தடிமனாகச் சீவுகிறது என்பதற்கு என் விளக்கம் இதுதான். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். வெளியிலிருந்து வந்த அரிசி நின்றது. ‘சப்பான்காரன் காலம்’ முழுக்கத் தோட்டத்து ஜனங்கள் உயிர் பிழைத்தது மரவள்ளிக்கிழங்கில். மரவள்ளியின் தோலிலும் அதன் உள்பட்டையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் சதையைவிட மிக அதிகம். அதைச் சரியாக உரிக்காமல் தின்றால் உயிருக்கே ஆபத்து. மேல்தோல், அதன் கீழே இளஞ்சிவப்புப் பட்டை இரண்டையும் நீக்கி, நன்றாகக் கழுவி, மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்ட வேண்டும். அத்தையின் அம்மா அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: கிழங்கென்றால் தோல் ஆகாது. அந்தக் கட்டளை உருளைக்கும் தொடர்ந்து வந்துவிட்டது. வாட்சப் செய்தியால் இதில் எனக்குப் பயம் ஒன்று உண்டு. ‘கிழங்குத் தோலில் சத்து’ என்று பொதுவாகப் பரவி, யாராவது ஒருநாள் மரவள்ளித் தோலைப் பொரித்துவிடக் கூடாது. உருளைக்குச் சொல்வது உருளைக்கு மட்டும்.

அடுத்து, நமக்கு வரும் உருளை எப்படிப்பட்டது என்பது. உருளை குளிரில் கிழங்கு வைக்கும் செடி. நம் ஊர் வெப்பத்தில் சரியாக விளையாது. ஆகவே மலேசியாவில் நாம் தின்பது ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. சாக்கில் பார்த்தால் சீனா, பங்களாதேஷ், பாகிஸ்தான் என்று இருக்கும். கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, லோரி ஏறி நம் டவுன் மளிகைக் கடைக்கு வந்து, அங்கே ஐந்தடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், சாக்கு வாயைத் திறந்து வைத்திருப்பார்கள். காலை வெயில் நேராக அதில் விழும். மேலே இருக்கும் கிழங்கு சில நாளில் பச்சை பிடிக்க வேறென்ன வேண்டும்? சாக்கின் நடுவிலிருந்து எடுப்பது நல்லது.

நீண்ட நாள் முளை விடாமல் இருக்கச் சில நாடுகளில் கிடங்கில் மருந்து தெளிப்பதுண்டு. குளோர்புரோபாம் என்பது அதில் பல காலம் பரவலாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இப்படித் தெளிக்கும் மருந்தின் மிச்சம் பெரும்பாலும் தோலில்தான் நிற்கும். தோலோடு சாப்பிடுவதென்றால் ஓடும் தண்ணீரில் வைத்துத் தேய்த்துக் கழுவுவது அவசியம். கடையில் விற்கும் பிரஷ் வேண்டாம். அத்தை தேங்காய் நாரை ஒரு பிடி சுருட்டி வைத்திருக்கிறார். பானை தேய்த்த கை. இரண்டு சுற்றில் கண்குழியில் இருக்கும் மண்கூட வந்துவிடுகிறது, தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடுகிறது.

வீட்டில் இருட்டும் காற்றும் உள்ள இடத்தில் வைத்து, மேலே ஒரு துணியோ காகிதமோ போட்டால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகும். குளிர்பெட்டியில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும், அந்தக் கறுப்பில் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் கூடும். நம் வெயிலுக்கு அதிகம் வாங்கி அடுக்காமல் ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்குவதே மேல்.

தோலைத் தின்னவே கூடாதவர்களும் உண்டு. சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்துகொண்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு நான் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். அவர்கள் தோலைச் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டித்தான் உருளை சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு இழப்பாவது அவர்களுக்குப் பாதுகாப்பு. ஒரே வீட்டில் இரண்டு சட்டி வைக்க நேர்ந்தாலும் இதில் சலித்துக்கொள்ளக் கூடாது.

இனிப்பு நீர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவரை நெருங்கும் கணக்கு. எங்கள் தாமானில் ஒரு வரிசை வீடுகளில் நடந்தால் அது எண்ணாக இருக்காது, தெரிந்த முகங்களாக இருக்கும். தோலோடு சாப்பிட்டால் உருளை சர்க்கரையை ஏற்றாது என்று நினைப்பது பெரிய தவறு. வேகவைத்த உருளை இரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம் வெள்ளைச் சோற்றை ஒத்தது, சில கணக்கில் அதைவிடக் கொஞ்சம் கூட. தோலின் அரை கிராம் நார் அதைத் தடுத்து நிறுத்தாது. சோறு, உருளைப் பிரட்டல், கூடவே உருளை போட்ட குழம்பு என்று ஒரே தட்டில் வைத்தால் மூன்று சோறு சாப்பிட்டது மாதிரி. உருளை வைக்கும் நாளில் சோற்றைக் குறைக்க வேண்டும்.

தீக்காயத்துக்கு உருளைத் தோல் என்பதும் அடிக்கடி வரும் செய்தி. 1980-களில் மும்பை மருத்துவர்கள் வேகவைத்த உருளைத் தோலைத் துணியில் பரப்பிக் கிருமி நீக்கித் தீக்காயக் கட்டாகப் பயன்படுத்தியது உண்மை. மருத்துவமனையில், முறையாகச் செய்தது. வீட்டில் சுட்டுக்கொண்டால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரைத்தான் விட வேண்டும். வாளியிலிருந்து எடுத்த தோலை ஒட்டக் கூடாது.

சமையலுக்கு வந்தால், தோலோடு மிக நன்றாக வருவது நெத்திலி உருளைப் பிரட்டல். சின்ன, புது உருளையாகப் பார்த்து, தோலோடு மெல்லிய வட்டமாக அரிந்து, பொன்னிறத்தில் எடுத்து, பொரித்த நெத்திலியோடும் வெங்காயத்தோடும் மிளகாயில் பிரட்டினால், ஓரத்துத் தோல் தனியாக மொறுமொறுக்கும். கறிபாப்புக்கு உள்ளே வைக்கும் உருளையைச் சிறு சதுரமாக வெட்டும்போதும் தோலை விட்டுவிடலாம்; மசாலாவில் தெரியாது. பெர்கெடில் என்ற மசித்த உருளை வடைக்குத் தோல் ஆகாது, வாயில் தட்டும். அதற்குத் தோலோடு வேகவைத்து உரித்து மசித்தால் போதும்.

கிளம்பும் நாள் காலையில் அத்தையோடு கடைக்குப் போனேன். ஐந்தடிச் சாக்கில் மேலே கிடந்ததை ஒதுக்கிவிட்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். வெயில் பக்கம் திருப்பி, சுற்றிப் பார்த்து, “இது பச்ச, இது பச்ச இல்ல” என்று கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து சாக்கை நிழலுக்கு இழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் கூடையிலிருந்த பழைய இரண்டு பச்சை உருளையும் பால் வாளிக்குப் போயின. புதியவை தேங்காய் நாரில் குளித்துவிட்டு, தோலோடு சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தன. தேநீர் பிற்பாடுதான் என்று சொல்லிவிட்டார்.